குழிக்குள் ஒரு பச்சை வளையல்

எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொல்ல மாட்டோம். நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வோம், அவ்வளவுதான். அம்மா சமையலறையில் பார்த்த பல்லி, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உடும்பாகியிருக்கும். அப்பாவுக்கு வந்த சளிக்காய்ச்சல், தெருமுனையைத் தாண்டும்போது டாக்டரே கையை விரித்த காய்ச்சலாகிவிடும். அந்த வம்சத்தில் மூத்தவள் நான். தொட்டிலில் கிடந்தபோதே பசிக்கு மேல் ரெண்டு பங்கு கூட்டி அழுவேன் என்று அம்மா சொல்வாள். (அதுவும் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம்.)

இந்தக் குடும்பச் சொத்து, ஒரு மழைக்கால மத்தியானத்தில் ஒரு நல்ல மனுஷரை நடைப்பிணமாக்கிவிட்டது. இதை எழுதும்போது இப்போதும் கை சில்லிடுகிறது. (இதில் கூட்டல் இல்லை. நம்புங்கள்.)

நான் டீசல் எஞ்சின் ஷெட்டில் டெக்னீஷியன். ரயிலெல்லாம் கரண்டில் ஓட ஆரம்பித்த பிறகும், பெட்டிகளை இழுத்துச் சேர்க்கவும் கம்பி அறுந்த நேரத்தில் ஓடிப் போய் உதவவும் டீசல் எஞ்சின் வேண்டும். அவை எங்களிடம் வந்து எண்ணெய் மாற்றிக்கொள்ளும், பிரேக் கட்டை மாற்றிக்கொள்ளும், மண் நிரப்பிக்கொள்ளும். மழையில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் தூவ எஞ்சினுக்குள் எப்போதும் மண் இருக்க வேண்டும். அந்த மண்ணைக் காயவைத்து, சலித்து, ஈரம் படாமல் நிரப்ப ஒரு தனி இடமே உண்டு. ரயில்வேயில் மண் வறுக்கிற உத்தியோகம் இருக்கிறது என்று சொன்னால் என் மாமியார் இன்று வரை நம்பவில்லை. அவர் நம்பாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

ஷெட்டில் முக்கியமான இடம் குழி. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஆள் நிற்கும் ஆழத்துக்கு நீளமாக வெட்டிக் கட்டியிருப்பார்கள். எஞ்சின் மேலே வந்து நிற்கும், நாம் உள்ளே இறங்கி அதன் வயிற்றுக்குக் கீழே வேலை செய்வோம். நான் சேர்ந்த புதிதில் என்னை ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எண்ண வைத்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் குழி எதற்கு என்ற நல்லெண்ணம். நான் சண்டை போட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த சூப்பர்வைசர் சார் என் வாய்க்குப் பயந்தே ஒத்துக்கொண்டார்.

"போங்க, இறங்குங்க. ஆனா பயந்து கத்தினீங்கன்னு ஒரு தடவ கேள்விப்பட்டேன், மறுபடி ஸ்டோர்தான். அப்புறம் நீங்க ரிட்டயராகிற வரைக்கும் போல்ட்டுதான்" என்றார்.

"பயமா? எனக்கா சார்?" என்றேன். இந்த மாதிரி வசனம் பேசியவர்கள் யாரும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

குழிக்கென்று எங்கள் ஷெட்டில் சில சட்டங்கள் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டங்கள். எதையாவது மோதிவிட்டு வந்த எஞ்சினின் அடியில் யாரும் எலுமிச்சம்பழம் வைக்காமல் இறங்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, குழிக்குள் இருக்கிறவரை மேலே நிற்பவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. ஏறி வரச் சொல்ல வேண்டுமானால் ஸ்பானரால் தண்டவாளத்தில் தட்ட வேண்டும்.

"ஏன் பாய்?" என்று கேட்டேன். பாஷா பாய்தான் எங்கள் குழி கேங்கில் மூத்தவர். சிரிக்காமலே பேசுகிற மனுஷர். அதனால் அவர் ஜோக் சொல்கிறாரா, நிஜம் சொல்கிறாரா என்று கடைசி வரை தெரியாது.

"பேர் சொல்லிக் கூப்ட்டா ரெண்டு பேர் திரும்பிப் பாப்பாங்கமா."

"ரெண்டு பேரா? உள்ள ஒரு ஆள்தான இருக்கோம்?"

"அதான் சொல்றேன்" என்றார் பாய்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. ஏலகிரி மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கே விளக்குப் போடுகிற இருட்டு. போட்டால் எரியவில்லை, குழி விளக்கு லைனில் தண்ணீர் இறங்கிவிட்டது. நாங்கள் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல் என் வீரப்பிரதாபங்களை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தோல் ஃபேக்டரியில் டிரம் ஓட்டுகிறவர், அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறவள், நான் தவழ்ந்ததே தோல் மேல்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆடா, மாடா, செம்மறியா என்று தொட்டுச் சொல்லுவேன் என்றேன். (கண்ணைக் கட்டாமலே எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.)

அப்போதுதான் அந்த எஞ்சின் வந்தது. பின்னால் பெட்டி எதுவும் இல்லாமல், வெறும் எஞ்சினாக, மழையில் நனைந்துகொண்டு மெதுவாகக் குழி மேல் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மாணிக்கம் அண்ணா, குடியாத்தத்துக்காரர். ரிட்டயராக இன்னும் சில மாதம்தான். சர்வீஸ் முழுக்க ஒரு ஆளைக்கூட அடிக்காத டிரைவர் என்று ஷெட்டில் எல்லோருக்கும் அவர் மேல் ஒரு மரியாதை. அந்த வேலையில் அது எவ்வளவு பெரிய பேறு என்பது டிரைவர்களுக்குத்தான் தெரியும். "ஒரு ஆட்டுக்குட்டி கூட என் கையால போனதில்ல, அப்டியே இறங்கிட்டா போதும்" என்று அவரே சொல்லுவார்.

அன்றைக்கு அவர் முகம் சரியில்லை.

"பாய், அடியில கொஞ்சம் பாருங்க. லெவல் கிராசிங் கேட்டாண்ட இன்னாவோ பட்டா மாரி இருந்திச்சு. நிறுத்தி இறங்கிப் பாத்தோம், ஒண்ணும் தெர்ல. வர்ற வழியெல்லாம் அடியில ஏதோ அடிச்சுக்கினே வந்திச்சு" என்றார். உதவி டிரைவர் அந்த நேரம் மறுபக்கம் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாஷா பாய் எழுந்து கை கழுவினார். எலுமிச்சம்பழத்துக்கு ஆள் அனுப்பினார். கேங்கில் மற்ற இருவரும் குழியின் ஓரத்தில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"பழம் வர்ற வரைக்கும் நிக்கணுமா? நான் பாத்துட்டு வந்துடறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. அஞ்சு நிமிஷம் இரு" என்றார் பாய்.

"எங்களுக்கெல்லாம் பழம் தேவையில்ல பாய்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

குழிக்குள் மழைத்தண்ணீரும் எண்ணெயும் கலந்து கணுக்காலுக்கு மேல் நின்றது. தலைக்கு மேல் எஞ்சின். அதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்திய எஞ்சின் சும்மா இருக்காது. சூடு ஆற ஆற இரும்பு டிக், டிக் என்று நகத்தால் தட்டுகிற மாதிரி சத்தம் போடும். எங்கோ ஒரு குழாயில் காற்று கசிந்து பெருமூச்சு விட்டது. கொஞ்சம் நிறுத்தியது. மறுபடி விட்டது. இதெல்லாம் நான் தினமும் கேட்கிற சத்தங்கள்தான். ஆனால் தினமும் கேட்கும்போது பக்கத்தில் நாலு பேர் சீட்டுக்கம்பெனிக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

நடந்தேன். டார்ச் வெளிச்சத்தில் முதல் சக்கரம், பிரேக் கட்டை, மண் விழுகிற குழாய். எல்லாம் சரி. இரண்டாவது சக்கரம். அதற்கும் மூன்றாவது சக்கரத்துக்கும் நடுவில், பிரேக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது.

முதலில் தெரிந்தது ஒரு கால். வெளிறிய நீல நிறம். ஈரம். மயிர் ஒன்றுகூட இல்லை. டார்ச்சை மேலே கொண்டுபோனேன். இன்னொரு கால். இடுப்பு. வயிறு. இரண்டு பக்கமும் விரித்த இரண்டு கை. கழுத்து. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. என் இடுப்பளவு இருக்கும் மொத்த உருவமும்.

கத்தவில்லை. சத்தியமாகக் கத்தவில்லை. ஸ்டோர் ஞாபகம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, எங்கள் சட்டம் எதுவும் தெரியாத சூப்பர்வைசர் சார் குடையோடு மேலே வந்து நின்று, "எஸ்தரு! ஏம்மா எஸ்தரு!" என்று கூப்பிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

அதுவும் திரும்பியது.

(காற்றுதான். குழியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்று அடிக்கும். அது இப்போது தெரிகிறது.)

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி "அப்பா" என்று ஒரு சத்தம் வந்ததாம். பிறகு நான் வந்தேனாம். படியில் ஏறாமல் நேராகச் சுவரிலேயே ஏறி வந்ததாகப் பாய் சொல்கிறார். ஒரு கால் ஷூ குழியிலேயே தங்கிவிட்டது. சாரின் குடை எப்படி உடைந்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

"இன்னாமா? இன்னா பாத்த?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"தோலு... நீலமா..." என்றேன். உண்மை அதோடு முடிந்துவிட்டது. அங்கேயே வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் சாரின் முகத்தைப் பார்த்தேன். வெறும் தோலைப் பார்த்தா சுவரேறி வந்தாய் என்று அந்த முகம் கேட்டது. என் ஓட்டத்துக்குத் தகுந்த காரணம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

"கை சார். சின்னப் பிள்ளை கை" என்றேன்.

கூட்டம் ஓரடி நெருங்கியது. நெருங்கிய கூட்டத்துக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது, பிறவிக்குணம். "விரல் அஞ்சும் தெரியுது" என்றேன். "நகம் கூட." யாரோ "ஐயோ" என்றார்கள். "வளையல் சார். கையில வளையல் போட்டிருக்குது."

மாணிக்கம் அண்ணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சத்தமில்லாமல் கேட்டார். "எந்தக் கலரும்மா?"

எதிரே நின்ற ஷண்டிங் ஆள் கையில் ஒரு கொடி இருந்தது. "பச்சை" என்றேன்.

அவர் அப்படியே மழைத்தண்ணீரில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணுதான்" என்றார். "கேட்டாண்ட நிக்கும். சின்னப் பொண்ணு. தினம் வண்டியப் பாத்து கை காட்டும், நான் ஹாரன் அடிப்பேன். பச்சை வளையல்தான் போட்டிருக்கும். இன்னிக்கு மழையில கிட்ட வந்து நின்னா மாரி இருந்திச்சு. கேட்டு மூடுற நேரத்துல ஒரு டெம்போ வேகமா தாண்டிச்சு. நீலமா இன்னாவோ லைன்ல விழுந்திச்சு. பிரேக் போட்டேன். அப்புறம் பாத்தா அந்தப் பொண்ணக் காணோம்."

நான் சும்மா சொன்ன வளையல் அது. என் வாயில் பிறந்த வளையல். அதை இந்த மனுஷர் தினமும் பார்த்திருக்கிறார் என்றால்? அப்படியானால் நான் உள்ளே அதைப் பார்த்திருக்கத்தானே வேண்டும்? யோசிக்க யோசிக்க அந்த நீலக் கையில் பச்சை வளையல் எனக்கு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு வளையல். ஒன்று லேசாக உடைந்திருந்தது. உலகத்திலேயே தன் புளுகைத் தானே நம்பி நடுங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

மாணிக்கம் அண்ணா தோள் பையைக் கழற்றி உதவி டிரைவரிடம் கொடுத்தார். "இந்தக் கையால இனிமே வண்டியத் தொட மாட்டேன்" என்றார். வீட்டுக்குப் போன் போட்டு அவர் மனைவியிடம் சொன்னதும் அதைத்தான். பாய் டீ கொண்டுவந்து கொடுத்தார், வாங்கவில்லை. மடியில் வைத்த இரண்டு கையையும் பார்த்தபடி இருந்தார். சார் கண்ட்ரோலுக்குச் சொன்னார், ரயில்வே போலீசுக்குச் சொன்னார். மழைச்சத்தத்துக்கு நடுவில் காற்றுக்குழாய் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எலுமிச்சம்பழமும் வந்தது. பழத்தைப் பாய் வைத்தார். நீளமான கம்பியில் கொக்கி மாட்டி, யாரும் உள்ளே இறங்காமல் மேலே இருந்தபடியே அதை இழுத்தார்கள். எளிதில் வரவில்லை. கம்பியைக் கட்டிப் பிடித்திருந்ததே! கடைசியில் சளக்கென்று விட்டு, குழியின் ஓரத்துத் தரையில் வந்து விழுந்தது. எல்லோரும் பின்னால் போனார்கள். அது விரிந்து கிடந்தது, இரண்டு கையையும் இரண்டு காலையும் பரப்பிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. புளிப்பும் உப்பும் மருந்தும் கலந்த வாசனை. உள்ளே எரிந்த பிரேக் கட்டை நாற்றத்தில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் உறைத்திருக்காது, எங்களுக்கு அது வாசனை கிடையாது, காற்று. அது என் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து கழற்றிப் போடுகிற சட்டையின் வாசனை. அதை மோந்துதான் நான் வளர்ந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"பாய்" என்றேன்.

பாயும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குனிந்து அதன் பின்பக்கத்தைத் திருப்பினார். ஊசித்துளைகளாக ஃபேக்டரியின் லாட் நம்பர் குத்தியிருந்தது.

"அடப் பாவத்த! இது வெட் ப்ளூ! ஆட்டுத் தோலு!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டுத்தோலை முடி எடுத்து குரோம் மருந்தில் போட்டுச் சுழற்றினால் நீலமாகிவிடும். அதை ஈரத்தோடு அடுக்கி, டெம்போவில் ஏற்றி, இந்த ஃபேக்டரியிலிருந்து அந்த ஃபேக்டரிக்கு அனுப்புவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ரோட்டில் தினமும் போகிற சரக்கு. எங்கள் ஷெட்டில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் தோலில்தான் வேலை செய்கிறார். பாயின் மச்சானுக்குத் தோல் வியாபாரம். அத்தனை பேரும் நின்றுகொண்டு ஓர் ஆட்டுத் தோலுக்குப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறோம், எல்லாம் அதன் கையில் நான் ஒரு வளையலைப் போட்டுவிட்டதால். சர்வீஸில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கூட அடிக்காத மாணிக்கம் அண்ணா, கடைசியில் அடித்தது ஏற்கெனவே செத்து, உரித்து, மருந்தும் போட்ட ஆட்டை.

சிரிப்பு ஷெட் கூரையில் போய் முட்டியது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சார் மட்டும் உடைந்த குடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வளையலு எங்கம்மா?" என்றார்.

பூமி பிளக்கவில்லை. குழி பக்கத்திலேயே இருந்தது, அதில் விழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

சிரிக்காத இன்னொருவர் மாணிக்கம் அண்ணா. அவர் வந்து தோலைத் தொட்டுப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"தோலு சரி பாய். பொண்ணு எங்க?" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பார்த்தது தோலை மட்டும் இல்லையே. பக்கத்தில் அந்தப் பெண் நின்றதையும்தானே பார்த்திருக்கிறார்? கேட்டுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். எடுக்கவில்லை.

"வண்டி எடுமா" என்றார் பாய் என்னிடம். "அண்ணாவ இட்டுனு போ. நீ பண்ண பேஜார், நீயே முடி."

என் ஸ்கூட்டரில் மாணிக்கம் அண்ணாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மழையில் போனேன். எனக்கு ஜெபம் கூட ஒழுங்காக வரவில்லை. அந்த வளையலை நான் எப்படிச் சொன்னேன்? எனக்கு யார் சொன்னது? இந்தக் கேள்விதான் மண்டைக்குள் சுற்றியது.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. முடிகிற மாதிரி இல்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கண்மூடித் திறக்கிற நேரம் அந்தப் பக்கம் தெரியும், மறையும். தெரியும், மறையும். அப்படி ஒரு தடவை தெரிந்தபோது, அங்கே அது நின்றுகொண்டிருந்தது.

நீலம். என் இடுப்பு உயரம். தலை இல்லை. இரண்டு கையும் இரண்டு காலும் ஈரமாகத் தொங்கின. பெட்டி மறைத்தது. மறுபடி தெரிந்தபோது அதற்குள்ளிருந்து இன்னொரு கை வந்து எங்களைப் பார்த்து ஆடியது.

மாணிக்கம் அண்ணா என் தோளைப் பிடித்த பிடியில் நான் கத்தியது அவருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்தோம்.

கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கினார்கள். அது எங்களை நோக்கி நடந்து வந்தது. பக்கத்தில் வந்ததும் மேலே போர்த்தியிருந்ததை இரண்டு கையாலும் தூக்கியது. உள்ளே ஒரு சின்னப் பெண், முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்தது. டெம்போவிலிருந்து விழுந்த தோல்கட்டிலிருந்து ஒரு தோலை எடுத்து, மழைக்குச் சாக்குக் கொங்காணி மாதிரி தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது! மிச்சத்தைப் பொறுக்கத்தான் கேட் கீப்பரும் நாங்கள் கூப்பிட்ட நேரத்தில் போனை விட்டுவிட்டு லைன் ஓரமாகப் போயிருக்கிறார்.

"தாத்தா! ஏன் தாத்தா இன்னிக்கு ஹாரன் அடிக்காத போய்ட்ட?" என்றது.

மாணிக்கம் அண்ணா சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வயதில் ஓர் ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அழுகையை நிறுத்தினார். அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளையல் எங்கம்மா?"

"எனுக்கு ஏது தாத்தா வளையலு?"

"பச்சை வளையல். தினம் போட்டிருப்பியே."

"எனுக்கு வளையலே கிடையாது தாத்தா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. கேட் மணி மட்டும் டிங், டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷர் எத்தனையோ நாளாகப் பார்த்து வந்த ஒரு கையில், நான் ஒரே ஒரு வார்த்தையில் வளையலை மாட்டிவிட்டேன். அவர் அதற்கு முன்னால் பார்த்த நாள்களின் ஞாபகத்திலும் போய் மாட்டிவிட்டேன். குழிக்குள் அந்தத் தோல் என்னைத் திரும்பிப் பார்த்தபோது கூட எனக்கு அவ்வளவு பயமாக இல்லை.

"அண்ணா, நான்தான் சும்மா சொன்னேன்" என்றேன்.

"இல்லம்மா. போட்டிருந்திச்சு. நான் பாத்திருக்கேன்" என்றார் அவர்.

சார் என்னை ஸ்டோருக்கு அனுப்பவில்லை. பழம் வராமல் இறங்கிய ஒரே ஆள் அவள்தான் என்று பாய் எனக்காகப் பேசினாராம். "இறங்குங்க, ஆனா வாய மட்டும் மேலயே வச்சிட்டு இறங்குங்க" என்றார் சார். அதோடு, அவரும் அதற்குப் பிறகு குழிக்குள் இருக்கிற யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்பானரால்தான் தட்டுகிறார்.

மாணிக்கம் அண்ணா மறுநாளே பையை மாட்டிக்கொண்டு வண்டி ஏறினார். அந்த வாரத்திலேயே குடியாத்தம் கடைத்தெருவில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, கேட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிள்ளையின் கையில் போட்டுவிட்டு வந்தார். உடைந்தால் மறுபடி வாங்கிப் போட்டார். "முன்னாடியே போட்டுனு இருந்ததுதான், நடுவுல உடைஞ்சிருக்கும்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொன்னார். ரிட்டயராகிற நாளிலும் அதையே சொன்னார். யாரையும் அடிக்காமல் இறங்கினார்.

என் கதை ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வர எத்தனை நேரமாகும்? கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. இன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது எதையாவது கூட்டிச் சொன்னால், "வளையல் போடாத" என்பார்கள். மண் வறுக்கிற கதையை நான் சொன்னபோது என் மாமியார் கேட்டது ஒரே கேள்விதான். "மண்ணுல வளையல் எத்தினி இருந்திச்சு?" என் மகள் ஸ்கூலில் மிஸ் தன்னை அடித்தார் என்று அழுதுகொண்டு வந்தாலும், முதலில் வளையலைக் கழற்றிவிட்டுத்தான் விசாரிப்போம்.

அம்மா வீட்டுக்கு ரயிலில் போகும்போது அந்தக் கேட் வரும். என் வீட்டுக்காரர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிடுவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கும். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. ரயிலைப் பார்த்ததும் கையைத் தூக்கும், பச்சை வளையல் குலுங்கும்.

"பாரு எஸ்தர்" என்பார் அவர். "நீ சொன்ன பொய்யி உனக்குக் கை காட்டுது."

நானும் கை காட்டுவேன்.